நிறத்தால் விலக்கப்பெற்ற மேலோர் சிலர்

"திறமையுடையானுக்கு வழி தானே திறக்கும்" என்னும் கூற்றை நாம் கல்லூரி விழாக்களிற் பன்முறை கேட்டிருக்கின்றோம். இளைஞர்க்கு ஊக்கமூட்டும் நல்லுரை அஃது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அஃது எவ்விடத்தும் எல்லார்க்கும் மெய்யாகுமோ என்று ஆராய்ந்து பார்ப்பார் சிலரே. ஐக்கிய அமெரிக்க நாட்டிலே கறுப்பினத்திற் பிறந்து, விஞ்ஞானம், விளையாட்டு, பொதுவாழ்வு ஆகிய துறைகளிற் பெரும்புகழ் எய்தினோர் வரலாறுகளைக் கற்குங்கால், அக்கூற்றினை அவ்வண்ணமே ஏற்றுக்கொள்ளல் அரிதென்பது புலனாகும். அவர்களிடத்துத் திறமை இருந்தது. அதனை உலகறிய மெய்ப்பித்தும் காட்டினர். அதன் பின்னரும் கதவு அடைத்தே கிடந்தது. எங்கேனும் ஒரு கதவு திறந்ததாயின், அதனைத் திறந்தது பெரும்பாலும் பிறிதொருவருடைய கை. அக்கைகளையும் சேர்த்து நினைவுகூர்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அந்நாட்டின் நிலையைச் சிறிது கூறுதல் வேண்டும். அமெரிக்காவில் அடிமைமுறை 1865ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால், தென்மாகாணங்களிற் பள்ளி, புகைவண்டி, உணவுச்சாலை, மருத்துவசாலை யாவும் வெள்ளையர்க்கு வேறு, கறுப்பினத்தார்க்கு வேறு என்று பிரித்து வைக்கப்பட்டன. பிரித்து வைப்பினும் இரண்டும் சமமாயிருப்பிற் குற்றமில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1896இல் தீர்ப்பளித்தது. சமம் என்பது தீர்ப்பின் ஏட்டில் மட்டுமே இருந்தது. பள்ளிகளைப் பொறுத்தமட்டில் அத்தீர்ப்பு நீங்க 1954 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையே, விடுதலை பெற்ற மக்களுக்குக் கல்வியளிக்கும் பொருட்டுச் சில கல்லூரிகள் எழுந்தன. நாஷ்வில் நகரத்து ஃபிஸ்க் கல்லூரியை 1866இல் அமெரிக்க மிஷனெரி சங்கத்தார் தொடங்கினர். வாஷிங்டன் நகரத்து ஹவர்ட் பல்கலைக்கழகம் 1867இல் தோன்றியது. (இதனைப் பாஸ்டனுக்கு அணித்தேயுள்ள செல்வச் செழிப்பு மிக்க ஹார்வர்டு என்று மயங்குதல் கூடாது.) கட்டடமும் பொருளும் குறைந்த இக்கல்லூரிகள் இனி வரும் வரலாறுகளில் மீண்டும் மீண்டும் தலைகாட்டும்.

பெர்சி லாவன் ஜூலியன் 1899ஆம் ஆண்டு அலபாமா மாகாணத்து மாண்ட்கோமரி நகரிற் பிறந்தார். தந்தையார் புகைவண்டித் தபால் எழுத்தர்; தாயார் பள்ளி ஆசிரியை. பாட்டனார் அடிமையாய் இருந்தவர். எழுதக் கற்றார் என்னும் குற்றத்திற்காக அவருடைய கைவிரல்கள் இரண்டு வெட்டப்பட்டிருந்தன என்றும், தாம் கல்லூரிக்குப் புறப்பட்ட நாளில் எஞ்சிய மூன்று விரலோடு கூடிய அக்கையை உயர்த்தி அவர் விடைகொடுத்தார் என்றும் ஜூலியன் பிற்காலத்திற் கூறியுள்ளார். அந்நகரிற் கறுப்பினச் சிறுவர்க்கு எட்டாம் வகுப்பிற்கு மேல் முறையான உயர்நிலைப்பள்ளி இல்லை. ஆகவே 1916இல் இண்டியானா மாகாணத்து டிபாவ் பல்கலைக்கழகத்தை அடைந்தபொழுது, பகலிற் கல்லூரிப் பாடமும், அதனோடு உயர்நிலைப்பள்ளியில் விடுபட்ட பாடமும் ஒருங்கே கற்க வேண்டியவரானார்.

டிபாவ் மெதடிஸ்டுச் சபையாரால் நிறுவப்பெற்ற கல்லூரி. கறுப்பின மாணவனைச் சேர்த்துக்கொண்டது அக்காலத்திற்குப் பெருந்தன்மையே. எனினும் விடுதியில் இடமில்லை. வெளியே வாடகைக்கு அறை கிடைத்தது, உணவு கிடைத்திலது. அவ்வூரில் அவருக்குச் சோறிட இசைந்தார் ஒருவரைக் காணச் சில நாள் ஆயின. பின்னர், வெள்ளை மாணவர் சங்கம் ஒன்றின் இல்லத்திற் பரிசாரகராகவும், அடுப்பெரிப்பவராகவும் பணியாற்றி, அவ்வில்லத்தின் மேற்கூரையறையில் உறங்கிப் படித்தார். 1920இல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். இதற்கிடையே பெற்றோரும் குடும்பத்தோடு அவ்வூருக்கே குடிபெயர்ந்து, மற்றைப் பிள்ளைகளையும் அக்கல்லூரியிலேயே படிக்க வைத்தனர். பிள்ளைகள் அறுவரும் கல்லூரிக் கல்வி பெற்றனர். ஜூலியனுடைய வெற்றியைக் கணக்கிடுவோர் இக்குடும்பத்தையும் சேர்த்தே கணக்கிடுதல் முறை.

முதல்வராகத் தேறியும் மேற்படிப்பிற்கு அழைப்பு வரவில்லை. உடன்படித்தோர் பலர் உதவிப்பணம் பெற்று வெவ்வேறு பல்கலைக்கழகங்களுக்குச் செல்ல, இவர் மட்டும் எஞ்சி நின்றார். ஒரு கறுப்பினத்தார்க்கு டாக்டர் பட்டம் கொடுத்தால் அவருக்கு வேலை கொடுப்பார் யார் என்பதே பல்கலைக்கழகத்தார் கூறிய தடை. ஃபிஸ்க் கல்லூரி இவரை ஆசிரியராக ஏற்றது. பின்னர் ஹார்வர்டிற் பயின்று 1923இல் முதுகலைப் பட்டம் பெற்றார். ஆனால், அங்கே மற்றவர்க்கு வழக்கமாய்க் கிடைக்கும் பயிற்றாசிரியர் பணி இவருக்குக் கிட்டவில்லை. கறுப்பினத்தாரிடம் பாடம் கேட்க வெள்ளை மாணவர் இசையார் என்று அஞ்சினர். ஆறாண்டு கழித்து ஆஸ்திரியாவின் வியன்னா நகர் சென்று, எர்ன்ஸ்ட் ஷ்பேத் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ந்து, 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். வியன்னாவில் அவர் நிறத்தைக் கேட்பார் இல்லை. ஆராய்ச்சிக்கூடத்திலும், இசையரங்கிலும், நண்பர் இல்லங்களிலும் அவர் ஏனையோரைப்போல் நடமாடினார். இஃதும் அவர் பெற்ற கல்வியில் ஒரு பகுதி என்றே கருதுகின்றேன்.

தாயகம் மீண்டபின், டிபாவில் அவருடைய பழைய ஆசிரியராகிய பிளாஞ்சர்டு என்பார், ரோஸன்வால்டு நிதியினின்று பொருளுதவி பெற்று, ஆராய்ச்சியாளர் என்னும் பெயரில் அவரை அழைத்துக்கொண்டார். அங்கேதான் அவருடைய பெயரை நிலைநாட்டிய ஆராய்ச்சி நிகழ்ந்தது. அதனைச் சற்று விரித்துரைப்பது தகும்.

மேற்கு ஆப்பிரிக்காவிற் காலபார் என்னும் ஊரைச் சூழ்ந்த நாட்டிலே ஒருவகை அவரை விளைகின்றது. குற்றஞ்சாட்டப்பட்டவன் அதனை உண்ணவேண்டும். பிழைத்தவன் நிரபராதி, இறந்தவன் குற்றவாளி என்பது அந்நாட்டுப் பழைய நீதிமுறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்த ஸ்காட்லாந்து மிஷனெரிமார் வாயிலாக அவரை எடின்பரோ நகரை எட்டியது. 1855இல் கிறிஸ்டிசன் என்னும் மருத்துவப் பேராசிரியர் அதிற் சிறு துண்டொன்றைத் தாமே தின்று பார்த்தார். நாடி தளர்ந்து உயிர்க்கு ஊறு நேருமெனக் கண்டவுடன், கையருகிருந்த முகச்சவர நீரைக் குடித்து வாந்தியெடுத்துத் தப்பினார். (ஆராய்ச்சி மாணவர் பின்பற்றத்தக்க முறையன்று இது.) பிறகு 1863இல் அவ்வவரையின் சாறு கண்மணியைச் சுருக்கும் தன்மையது என்பது அறியப்பட்டது. கண்ணினுள் அழுத்தம் மிகுந்து படிப்படியாய்ப் பார்வையை அழிக்கும் கிளாக்கோமா என்னும் நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. அம்மருந்துப்பொருளின் பெயர் பைசோஸ்டிக்மின்.

பொருளின் அமைப்பு 1925இல் ஒருவாறு தெளியப்பட்டது. ஆனால், அவரையின் துணையின்றி எளிய பொருள்களினின்று படிப்படியாய் அதனைக் கட்டியமைத்தாலன்றி, கருதிய அமைப்பு மெய்யென்று இரசாயன அறிஞர் ஒப்பார். இம்முயற்சியில் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ராபர்ட் ராபின்ஸன் முன்னணியில் நின்றார். உலகம் போற்றிய அறிஞர் அவர். 1947இல் நோபெல் பரிசும் பெற்றார். ஜூலியனும், வியன்னாவினின்று அவரோடு வந்த யோசெப் பிக்கல் என்னும் நண்பரும் டிபாவின் சிறு ஆராய்ச்சிக்கூடத்தில் அதே வேலையை மேற்கொண்டனர். இடைநிலைப் பொருளொன்றைத் தாம் அடைந்துவிட்டதாக ராபின்ஸன் குழுவினர் அறிவித்தனர். ஜூலியன் ஆக்கிய பொருளின் இயல்போ அதனோடு பொருந்தவில்லை. இருவரில் ஒருவர் பிழைத்திருத்தல் வேண்டும். நிலையான பதவியும் இல்லாத கறுப்பின இளைஞர் ஒருவர், பிழை ஆக்ஸ்போர்டினது என்று அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் ஏட்டில் வெளிப்படையாய் எழுதினார். தம் கணக்குத் தவறியிருப்பின் அன்றோடு அவருடைய ஆராய்ச்சி வாழ்வு முடிந்திருக்கும். இறுதியில், அவரையினின்று பிரித்த பொருளையும், தாம் ஆக்கிய பொருளையும் ஒருங்கே சூடேற்றிப் பார்த்தனர். இரண்டும் ஒரே வெப்பநிலையில் உருகின. ஜூலியன் கூறியதே சரியாயிற்று. 1935இல் பைசோஸ்டிக்மின் முழுவதும் ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்டது. அவ்வாண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் சிலவற்றில் இளநிலை வகுப்பு மாணவர்களும் கூட்டாசிரியராக இருந்தனர் என்பது நம்மனோர் கருதத்தக்கது.

இதன் பயன் யாது? டிபாவிற் பேராசிரியர் பதவி தர வேண்டுமென்று பிளாஞ்சர்டு பரிந்துரைத்தார். ஆட்சிக்குழுவினர் நிறங்கருதி மறுத்தனர். டூபாண்ட் கம்பெனியார் ஜூலியனையும் பிக்கலையும் நேர்காணலுக்கு அழைத்து, பிக்கலை மட்டும் எடுத்துக்கொண்டனர். விஸ்கான்ஸின் மாகாணத்து ஆப்பிள்டன் ஊரிலிருந்த காகித ஆராய்ச்சி நிலையத்தார் இவரை ஏற்க விரும்பினர். கறுப்பினத்தார் எவரும் அவ்வூரில் இராத்தங்குதல் கூடாதென்னும் விதி குறுக்கிட்டது. இறுதியில் 1936இல் சிக்காகோ நகரத்து கிளிட்டன் கம்பெனியார் தம் சோயா ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைவராக இவரை அமர்த்தினர். பல்கலைக்கழகங்கள் நழுவவிட்டதை வண்ணச்சாந்து செய்யும் ஒரு வாணிகர் கூட்டம் பெற்றுக்கொண்டது. விஞ்ஞான வரலாற்றில் இதனை நகைச்சுவையாகக் கொள்வதா, அவலமாகக் கொள்வதா என்று எனக்குத் தோன்றவில்லை.

அங்கே சோயா அவரையின் புரதத்தைப் பிரித்தெடுத்துக் காகிதத்திற்கு மெழுகும் பொருளாக்கினார். அதே புரதத்தினின்று, எண்ணெய்த் தீயை மூடி அணைக்கும் நுரை ஆக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போரிற் கப்பல்களிற் பயன்பட்டது. இன்னுமொரு நிகழ்ச்சி குறிக்கத்தக்கது. சோயா எண்ணெய் நிரம்பிய பெருந்தொட்டி ஒன்றில் தண்ணீர் கசிந்து, எண்ணெய் பாழாயிற்றென்று தொழிலாளர் தெரிவித்தனர். அடியில் வெள்ளையாய் ஒரு கட்டி திரண்டிருந்தது. ஜூலியன் அதனைக் கண்டவுடனே அறிந்துகொண்டார். டிபாவிற் காலபார் அவரையை ஆராய்ந்தபொழுது அதன் எண்ணெயிலும் அத்தகைய படிகங்களை அவர் கண்டிருந்தார். அது ஸ்டிக்மாஸ்டிரால் என்பது. அதனை அடிப்படையாகக் கொண்டு, கருச்சிதைவைத் தடுக்க மருத்துவர் வழங்கிய புரொஜெஸ்டிரோன் முதலியவற்றைப் பேரளவிலும் குறைந்த விலையிலும் செய்தல் கூடுவதாயிற்று.

மூட்டுவாத நோயாளர்க்குக் கார்ட்டிசோன் வியத்தகு நலம் தருகின்றதென்று 1949இல் மேயோ மருத்துவசாலையார் அறிவித்தபொழுது, அம்மருந்து மாட்டின் பித்தத்தினின்று முப்பதுக்கும் மேற்பட்ட படிகளிற் செய்யப்பட்டு, ஏழைகள் நெருங்க இயலாத விலையில் இருந்தது. ஜூலியன் அவ்வாண்டே, அவ்வினத்தைச் சேர்ந்த ஹைட்ரோகார்ட்டிசோனைவிட ஓர் ஆக்ஸிஜன் அணு மட்டுமே குறைந்த பொருளொன்றை மலிவாகச் செய்யும் வழியை வெளியிட்டார். அத்தகைய பொருள்களில் அக்குறைந்த அணுவைச் சேர்க்க ஒருவகைப் பூஞ்சணத்தை ஏவலாம் என்று 1952இல் அப்ஜான் கம்பெனியார் கண்டறிந்தனர். கார்ட்டிசோனைக் கண்டுபிடித்தவர் ஜூலியனே என்று சிலர் எழுதுவர், அது மிகை. பலர் கூடி இழுத்த தேரில் அவரும் ஒரு முதன்மையான வடத்தைப் பிடித்தார் என்பதே உண்மை. அவருடைய புகழுக்கு அதுவே போதும்.

1950ஆம் ஆண்டில் சிக்காகோ நகர மக்கள் அவரை அவ்வாண்டின் சிறந்த குடிமகனாகத் தேர்ந்தனர். அதே ஆண்டில் அவர் ஓக் பார்க் என்னும் புறநகரில் வீடொன்று வாங்கினார். குடிபுகுமுன்னரே, நன்றியறிதல் திருநாளன்று, அவ்வீட்டிற்குத் தீவைக்க முயன்றனர். 1951 ஜூன் மாதத்தில், அவருடைய மக்கள் உறங்கிய அறைக்கருகே வெடிமருந்து எறியப்பட்டது. ஜூலியனும், சமூகவியலில் 1937இல் டாக்டர் பட்டம் பெற்றவராகிய அவர் மனைவி அன்னாவும் அவ்வீட்டை விட்டகலவில்லை. அண்டை அயலாரிற் பலர் அவர்க்குத் துணைநின்றதும் உண்டு. தம்மை ஆசிரியராக ஏற்க மறுத்த டிபாவின் ஆட்சிக்குழுவில் 1967இல் அவரே ஓர் உறுப்பினரானார். தேசிய விஞ்ஞானக் கழகம் 1973இல் தம் உறுப்பினராகத் தேர்ந்தபொழுது அவர்க்கு வயது எழுபத்து நான்கு. ஈராண்டில் இறந்தார்.

நிற்க. கதவைத் திறந்த கைகள் என்றோம். அவற்றில் மிகச் சிறந்ததொன்று கணித வகுப்பில் இருந்தது.

காதரின் ஜான்சன் 1918இல் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு சிற்றூரிற் பிறந்தார். அங்கும் கறுப்பினச் சிறார்க்கு எட்டாம் வகுப்போடு கல்வி முடிவு. அவர் தந்தையார் ஏறத்தாழ 120 மைலுக்கு அப்பாலுள்ள இன்ஸ்டிட்யூட் என்னும் ஊரில் தம் மனைவி மக்களைக் குடியமர்த்திப் படிக்க வைத்தார். அவ்வூரிலிருந்த கறுப்பினத்தார் கல்லூரியிற் கிளேட்டர் என்னும் கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். இடவியல் என்னும் அரிய கணிதப் பிரிவில் 1933இல் பென்ஸில்வேனியாப் பல்கலைக்கழகத்து டாக்டர் பட்டம் பெற்றவர். அக்காலத்தில் அமெரிக்காவிற் கணிதத்தில் அப்பட்டம் பெற்ற கறுப்பினத்தாருள் மூன்றாமவர். அவருடைய ஆராய்ச்சியைக் கற்றோர் மெச்சினர். ஆயின் ஆராய்ச்சிக்குரிய வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் அவருக்கு இடம் கிட்டவில்லை. கணித மகாநாட்டிற்குச் சென்றால், மற்றவர் தங்கும் ஓட்டலில் தங்கவும் இயலாது. ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஒன்றிரண்டோடு நின்றுபோயின.

இவ்வாசிரியர், கல்லூரியிலிருந்த கணிதப் பாடங்களையெல்லாம் முடித்துவிட்ட காதரினைக் கண்டு, ஆராய்ச்சிக் கணிதராகத் தக்கவர் நீ என்றார். வேலை எங்கே கிடைக்கும் என்று மாணவி வினவ, அதனைத் தேடிக்கொள்வது உன் பொறுப்பு என்று விடையிறுத்தாராம். விண்வெளிக்குரிய பகுமுறை வடிவகணிதம் என்னும் பாடமொன்றைப் புதிதாக வகுத்து, அவ்வொரு மாணவிக்காகவே வகுப்பு நடத்தினார். 1937இல் பதினெட்டு வயதிற் பட்டம் பெற்ற அம்மாது, பள்ளியாசிரியையாய்ப் பல்லாண்டு கழித்து, 1953இல் லாங்லி விமான ஆராய்ச்சி நிலையத்திற் கணக்கிடுவோர் குழுவில் அமர்ந்தார். அந்நிலையத்திற் கறுப்பின மகளிர்க்கு வேலைசெய்யும் பகுதியும் உணவுண்ணும் இடமும் வேறாக இருந்தன. 1962இல் ஜான் கிளென் பூமியை வலம்வரப் புறப்படுமுன், புதிய மின்கணிப்பொறியின் விடையை அம்மாதர் கையாற் கணக்கிட்டுச் சரிபார்த்தல் வேண்டும் என்று கேட்டுக்கொண்ட செய்தி இன்று யாவரும் அறிந்தது. 2020இல் அவர் 101ஆம் வயதிற் காலமானார். கிளேட்டர் பெயரை அறிந்தோர் மிகச் சிலர். ஒரே மாணவிக்காக வகுப்பு நடத்துவது இக்கால அட்டவணைக்கு ஒவ்வாதென்று நம் அலுவலகத்தார் கூறக்கூடும்!

மருத்துவத் துறையில் சார்லஸ் டிரூ என்பாரைச் சுருக்கமாகவேனும் குறியாது விடுதல் கூடாது. உடலினின்று எடுத்த இரத்தத்தை நெடுநாள் கெடாது சேமிக்கும் முறைகளை ஆராய்ந்து, 1940இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உயர்பட்டம் பெற்றவர். இரத்தத்தின் அணுக்களை நீக்கி எஞ்சும் தெளிநீராகிய பிளாஸ்மா நீண்டநாள் நிற்கும். இரத்தவகை நோக்காமலும் ஏற்றலாம். அவ்வாண்டே ஜெர்மானியர் குண்டுவீச்சிற்கு ஆளான பிரிட்டனுக்கு நியூயார்க்கினின்று பிளாஸ்மா அனுப்பும் பெருமுயற்சியை டிரூ நடத்தினார். அடுத்து அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் முன்னோடி இரத்த நிலையத்தையும் அமைத்துக்கொடுத்தார். ஆயினும், படைக்கென இரத்தம் சேர்த்தபொழுது, கறுப்பினத்தார் இரத்தம் வேண்டா என்றனர். கண்டனம் எழவே, 1942இல் அதனை ஏற்று, வேறாகக் குறியிட்டு வேறாகவே வைத்தனர். அம்முறைப்படி, இரத்தச் சேமிப்பு முறையை வகுத்தவருடைய இரத்தமே வெள்ளைப் போர்வீரனுக்கு ஆகாது. மனிதர் இரத்தத்தில் நிறவேறுபாடு என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் சிறிதும் இல்லை என்று டிரூ வெளிப்படையாய்க் கண்டித்தார். 1950இல் வட கரோலினாவில் மோட்டார் விபத்தில் மாண்டார். வெள்ளையர் மருத்துவசாலை அவரைச் சேர்க்க மறுத்தமையால் இறந்தார் என்றொரு கதை வழங்குகின்றது, அது உண்மையன்று. மருத்துவர்கள் அவரைக் காப்பாற்ற முயன்றனர். மெய்யான அநீதிகள் பல இருக்கப் பொய்யான ஒன்றைச் சேர்ப்பது அவற்றின் வலிமையைக் குறைப்பதேயாகும்.

விளையாட்டில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் பெயரை அறியாதார் இலர். 1935 மே 25ஆம் நாள், ஆன் ஆர்பர் நகரில், முக்கால் மணி நேரத்திற்குள் உலகச் சாதனைகள் மூன்றை முறியடித்து ஒன்றைச் சமன்செய்தார். அன்று அவர் தாண்டிய 8.13 மீட்டர் நீளத்தை இருபத்தைந்தாண்டு எவரும் கடந்திலர். அவ்வமயம் அவர் படித்த ஒஹையோப் பல்கலைக்கழகத்து விடுதியில் அவருக்கு இடமில்லை. அடுத்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் பந்தயங்களில் நான்கு தங்கப்பதக்கங்களை வென்றார். ஹிட்லர் அவரோடு கைகுலுக்க மறுத்தான் என்னும் செய்தியையே யாவரும் பேசுவர். முதல்நாளுக்குப்பின் ஹிட்லர் வெற்றியாளர் எவரையும் அரங்கில் வெளிப்படையாய்ப் பாராட்டவில்லை என்பதே உண்மை. தம் நாட்டுத் தலைவர் ரூஸ்வெல்ட்டிடமிருந்து ஒரு வாழ்த்துத் தந்தியும் வரவில்லை என்பதை ஓவன்ஸ் பெரிதும் எண்ணி வருந்தினார். பிழைப்பிற்காகப் பின்னர்ப் பணத்திற்குக் குதிரைகளோடு பந்தயம் ஓடினார். அதே பெர்லினில் இருநூறு மீட்டர் ஓட்டத்தில் ஓவன்ஸுக்கு அடுத்தவராக வந்து வெள்ளிப்பதக்கம் பெற்ற மாக் ராபின்ஸன், கலிபோர்னியாவில் தம் ஊருக்கு மீண்டு தெருக்கூட்டும் வேலையில் அமர்ந்தார். ஒலிம்பிக் சட்டையை அணிந்தே சில வேளைகளிற் கூட்டினார்.

பொதுவாழ்விற்கு ரால்ப் பஞ்ச் ஒருவரே போதும். இளமையிற் பெற்றோரை இழந்து, லாஸ் ஏஞ்சலிஸ் நகரிற் பாட்டியார் வளர்க்க வளர்ந்தவர். உயர்நிலைப்பள்ளியில் முதல்வராகத் தேறியும், அந்நகரத்துச் சிறந்த மாணவர்க்குரிய சங்கத்தில் நிறத்தால் விலக்கப்பட்டார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1927இல் முதன்மையாகத் தேறி, ஹார்வர்டில் உதவிச் சம்பளம் பெற்றார். ஆனால் அங்கே உண்ணவும் தங்கவும் பொருள் வேண்டுமே? அந்நகரத்துக் கறுப்பின மக்கள் தம்முள் தண்டி ஆயிரம் டாலர் சேர்த்துக்கொடுத்தனர். தந்தவர்களிற் பலர் அன்றாடக் கூலியர் என்பதை எண்ணின் அத்தொகையின் அருமை விளங்கும். ஹவர்ட் பல்கலைக்கழகத்தில் அரசியல் பயிற்றி, 1934இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

1948 செப்டெம்பரில் பாலஸ்தீனத்திற்கு ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய சமாதானத் தூதராகிய பெர்னடாட் பிரபு ஜெருஸலேமிற் கொலையுண்டார். அவருக்குத் துணையாயிருந்த பஞ்ச் அப்பொறுப்பை ஏற்றார். ரோட்ஸ் தீவில் 1949 ஜனவரியில் யூதரும் எகிப்தியரும் ஒரே விடுதியில் தங்கினர். ஒருவரோடொருவர் பேசவும் தொடக்கத்தில் இசைந்திலர். பஞ்ச் ஒவ்வொரு சொல்லாய், ஒவ்வோர் எல்லைக்கோடாய்ப் பேசிப் பேசி, பிப்ரவரியில் எகிப்தும், மார்ச்சில் லெபனானும், ஏப்ரலில் யோர்தானும், ஜூலையில் சிரியாவும் போர்நிறுத்த உடன்படிக்கையிற் கையொப்பமிடச் செய்தார். 1950இல் சமாதானத்திற்குரிய நோபெல் பரிசு அவரை அடைந்தது. கறுப்பினத்தார் ஒருவர் நோபெல் பரிசு பெற்றது அதுவே முதன்முறை. அதற்கு முந்திய ஆண்டில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் வெளிநாட்டு இலாகாவில் உயர்பதவி அளிக்க முன்வந்தார். தலைநகராகிய வாஷிங்டனிற் கறுப்பினத்தார் குடியிருப்பிலும் பள்ளியிலும் ஒதுக்கப்படுவதனால், தம் குடும்பத்தோடு அங்கே மீண்டும் வாழ விரும்பவில்லை என்று பஞ்ச் மறுத்துவிட்டார்.

பத்தாண்டு கழிந்தது. 1959இல் அவருடைய மைந்தர் நியூயார்க்கில் பாரஸ்ட் ஹில்ஸ் பகுதியிலுள்ள மேற்குப் பகுதி டென்னிஸ் சங்கத்திற் சேர விரும்பினார். அச்சங்கத்தின் வெளிகளிலேதான் அமெரிக்கச் சாம்பியன் பந்தயங்கள் நடைபெற்று வந்தன. கறுப்பின மங்கையாகிய ஆல்தியா கிப்ஸன் 1957இலும் 1958இலும் அப்புல்வெளியிலேயே வாகை சூடியிருந்தார். இருந்தும், யூதர்க்கும் கறுப்பினத்தார்க்கும் இங்கே இடமில்லை என்று சங்கத் தலைவர் பஞ்சுக்குத் தெரிவித்தார். செய்தி பத்திரிகைகளில் வெளியாயிற்று. ஊரெங்கும் கண்டனம் எழுந்தது. தலைவர் பதவி விலகினார். சங்கத்தார் மன்னிப்புக் கோரித் தந்தையையும் மைந்தரையும் உறுப்பினராகுமாறு அழைத்தனர். அவ்வழைப்புத் தம் சொந்தப் புகழை நோக்கி வந்ததேயன்றித் தம் இனத்தார் யாவர்க்கும் உரிய சமத்துவத்தை நோக்கி வந்ததன்று என்று கூறி, பஞ்ச் அதனை ஏற்க மறுத்தார்.